முந்துபவருக்காகப் பிரேக் போடுபவர்கள்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏழரை நிமிடம். முன்னால் போகும் பஸ், வேன், ஆட்டோ எல்லாவற்றையும் கட் அடித்துச் சராசரி 50-க்குக் கொண்டுவந்தால் ஆறு நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம். சீசன் நாளில் மெயின் அருவி வரிசையில் நிற்கும்போதே அது கரைந்துவிடும். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்காக எதிரே வருகிறவர்களும் பின்னால் வருகிறவர்களும் கொடுக்கும் விலை கரைவதில்லை. அதைத்தான் இங்கே கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் சாலையில் நடப்பதைப் பார்ப்போம். பஸ் 40-ல் போகிறது. பைக் 60-ல் அதை முந்துகிறது. பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். பின்னால் விட்ட இடைவெளி, முன்னால் போய் இடப்பக்கம் சேர வேண்டிய இடைவெளி, பைக்கின் நீளம் எல்லாம் சேர்த்தால் பைக் பஸ்ஸைவிட 36 மீட்டராவது கூடுதலாக ஓட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆகவே ஆறரை நொடி அந்த பைக் எதிர்த்திசைக்காரரின் பாதையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அது 108 மீட்டர் ஓடுகிறது. எதிரே 50-ல் வரும் வண்டி 90 மீட்டர் நெருங்கிவிடுகிறது. ஏறக்குறைய 200 மீட்டர் சாலை காலியாகக் கிடந்தால்தான் இது நடக்கும். யோசித்து முடிவெடுக்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 300 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வடிவமைப்பு விதி சொல்கிறது.

புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் அந்த 300 மீட்டருக்கு எங்கே போவது? கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-ல் இரு மாநில லாரிகளும் ஏறி இறங்கும் இடம் அது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் சேர்ந்துகொள்ளும். பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்குப் பொறுமை போவது இயல்பு. ஆனால் அந்த லாரியின் பின்பலகைதான் எதிரே வருவதை அவரிடமிருந்து மறைக்கிறது.

எதிரே பஸ் ஓட்டி வருகிறவரின் இருக்கையில் இப்போது உட்காருவோம். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கி, சாரல் தொடங்கிவிட்டது. வைப்பர் ஓடுகிறது. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. உள்ளே ஈரத்தலையும் தோளில் துண்டுமாகக் குளித்துவிட்டு வந்த கூட்டம், பாதிப்பேர் நின்றுகொண்டு. எதிரே வரும் வேனின் வலப்பக்கத்திலிருந்து ஒற்றை விளக்கு ஒன்று வெளியே வருகிறது. “ஏறி வாரான் பாரு” என்று ஓட்டுநர் முனகுவதற்குள் வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போயாக வேண்டும்.

அந்த நேரத்தில் மூளைக்கு ஒரு சிக்கல். நம்மை நோக்கி வரும் பொருள் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதை, அதன் உருவம் கண்ணில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே நாம் கணிக்க முடியும் என்று டேவிட் லீ 1976-ல் விளக்கினார். பைக் ஒல்லியானது. அது பெரிதாவது கண்ணுக்குப் பிந்தித்தான் உறைக்கிறது. ஒரே வேகத்தில் வந்தாலும் காரைவிட மோட்டார் சைக்கிள் தாமதமாக வந்து சேரும் என்று மக்கள் தப்பாகக் கணிப்பதை 2005-ல் மார்க் ஹார்ஸ்வில் குழுவின் ஆய்வு காட்டியது. இரவில் இது இன்னும் மோசமாகும். காருக்கு இரண்டு விளக்கு; நெருங்க நெருங்க அவை விலகித் தெரியும். பைக்கின் ஒற்றை விளக்கில் அப்படி விலகுவதற்கு எதுவும் இல்லை. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது நல்ல காரியம். வண்டி வருவது தெரிகிறது. எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது மட்டும் இப்போதும் சரியாகப் பிடிபடுவதில்லை.

அடுத்தது சாலை. குற்றாலத்துச் சாரலை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். டயருக்கு அது நல்லதில்லை. பெருமழை தார்ச்சாலையைக் கழுவிவிடும். பூந்தூறலுக்கு அந்த வலு கிடையாது. தூசி, சிந்திய டீசல், டயர் தேய்ந்த துகள் எல்லாவற்றையும் குழைத்து வழுக்குப் படலமாக விட்டுவிடும். 50-ல் வரும் பஸ், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. பிடிப்புக் கெழு 0.6 உள்ள காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்க இன்னும் 16 மீட்டர். வழுக்கலில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 33 மீட்டர். காற்றழுத்தப் பிரேக் முழுதாகக் கவ்வுவதற்கு ஆகும் சிறு தாமதம் இதற்கு மேல். அந்த வழுக்கலில் கிடைக்கும் முழு பிரேக்கே, 70 கிலோ எடையுள்ள ஒருவரை 21 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் தள்ளும். கம்பியை ஒரு கையால் பிடித்து, மறுகையில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவுக்கு இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பைக்காரர் அவர்களைப் பார்த்ததே இல்லை.

பிரேக்குக்குப் பதிலாக ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் தார் விளிம்புக்குக் கீழே மண் பள்ளம். அதை ஒட்டி நடந்து போகிறவர்கள், சைக்கிள்காரர்கள், சாலையோர மரங்கள்.

பின்னால் வருகிறவர்களும் தப்புவதில்லை. ஜப்பானில் யூகி சுகியாமாவும் கூட்டாளிகளும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். ஒரே சீரான வேகத்தில் போங்கள் என்பது மட்டுமே கட்டளை. தடை எதுவுமே இல்லாமல், சிறு வேக மாற்றங்கள் பெருகி நெரிசல் அலை உண்டாயிற்று. அது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. 2008-ல் வெளியான முடிவு இது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குற்றாலத்திலிருந்து திரும்பும் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரும்போது, ஒருவர் போடும் திடீர் பிரேக் இரண்டு பர்லாங் பின்னால் எவரையோ முழுதாக நிறுத்திவிடும். எதற்காக நின்றோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பைக் அதற்குள் காசிமேஜர்புரம் பக்கம் போயிருக்கும்.

ஓட்டுநரின் உடம்பிலும் ஓர் அலை ஓடுகிறது. அதிர்ச்சியில் பாயும் அட்ரினலின் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கார்ட்டிசால் உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். பஸ் ஸ்டாண்டில் ஆளிறக்கி, அடுத்த ட்ரிப்புக்கு ஆளேற்றிக் கிளம்பும் நேரம் அது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கு மோதலில் முடிந்தவற்றுக்கு மட்டுமே. மோதாமல் தப்பியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. என் கவலை முழுவதும் அவற்றைப் பற்றித்தான். ராபின் டில்லன், கேத்தரின் டின்ஸ்லி இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் தப்பிய அனுபவம் கிடைத்தவர்கள் அடுத்த முறை இன்னும் துணிந்து அபாயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பைக்காரர் தன் கைத்திறமையால் புகுந்து வந்ததாக நினைக்கிறார். எதிரே வந்தவர் பிரேக் போட்டதால் உண்டான இடைவெளியில்தான் அவர் புகுந்தார். அந்த பிரேக்கின் சத்தம் அவர் ஹெல்மெட்டுக்குள் கேட்பதில்லை. திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் எச்சரிக்கை அவருடைய திறமைக் கணக்கில் வரவாகிறது. பிரேக் போட ஒருவர் அரை நொடி பிந்துகிற நாள்வரை அது வரவாகிக்கொண்டே இருக்கும்.

சட்டம் மோதலுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டபோது, விதிக்கு மாறாக முந்துவதே ஆபத்தான ஓட்டுதல் என்ற வரையறைக்குள் வந்தது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. எஸ் வளைவுக்கு மேலே ஒரு கேமராவும், சீசன் பஸ்களின் முன்கண்ணாடியில் ஒவ்வொன்றும் வைத்தால், மோதாமல் தப்பிய முந்தல்களை எண்ணத் தொடங்கிவிடலாம்.