குட்டி ரயிலும் குட்டை மரங்களும்

இங்கிலாந்தில் நமது வங்கியின் கிளையொன்றில் மூன்றாண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தனியே வசித்தார். ஒரு ஞாயிறு மாலை தேநீருக்கு அழைத்தவர், வீட்டின் பின்புறத் தோட்டத்தை நமக்குக் காட்டினார். முழங்கால் உயரமே இருந்த ஊசியிலைக் காட்டுக்குள்ளிருந்து நீராவி இஞ்சின் ஒன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு புகைவிட்டபடி வெளிவந்தது. நாற்பது வயதைக் கடந்த நாம் அன்று சிறுபிள்ளையாகிப் போனோம்.

தோட்டத்துக்குள் ரயில்பாதை

பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தோட்டத்தில் சிறு ரயில் அமைப்பது பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் இயங்கிய லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட ரயில்கள் இதற்குப் பெரும் ஊக்கமளித்தன. இவற்றின் அளவு 1:22.5, தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். உண்மையில் ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையே இவ்வாறு சுருக்கப்பட்டுள்ளது. நம் உதகை மலைரயில் ஓடுவதும் அதே மீட்டர்கேஜ் பாதையில்தான்.

இவ்வுலகில் ஆறடி மனிதன் எட்டு சென்டிமீட்டர் உயரமே இருப்பான். அறுபது சென்டிமீட்டர் செடி, 13.5 மீட்டர் உயரமுள்ள மரமாகத் தோன்றும். ஆனால் உயரம் மட்டும் பொருந்தினால் போதாது. இலையும் சிறுத்திருக்க வேண்டும். பெரிய இலையுள்ள செடியை எவ்வளவு கத்தரித்தாலும் அது ரயிலின் அருகே செடியாகவே தெரியும். குட்டை ஊசியிலை மரங்களின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. நுண்ணிய ஊசிகள், அடர்ந்த கிளைகள், மெதுவான வளர்ச்சி ஆகிய மூன்றும் அவற்றில் ஒருங்கே அமைந்துள்ளன.

ரயிலுக்குக் காத்திருந்தபோது

பெருமரத்தின் ஓர் அரும்பில் இயல்பாக நிகழும் மரபு மாற்றத்தால் சில சமயம் ஒரு கிளை மட்டும் கொத்தாகக் குறுகி வளரும். அதிலிருந்து போத்து எடுத்தோ ஒட்டுக்கட்டியோ குட்டை வகைகளை உருவாக்குகின்றனர். சில வகைகள் காட்டில் தானாகவே முளைத்த கன்றுகளாகக் கிடைத்தவை.

தோட்ட ரயில்காரர்கள் மிகுதியாக நடும் ஆல்பர்ட்டா குட்டை ஸ்புரூஸ் மரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரப் பூங்காவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரேடர், ஜான் ஜாக் என்னும் இரு தாவரவியலாளர்கள் 1904-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் அதைக் கண்டெடுத்தனர். ரயிலுக்குக் காத்திருந்த வேளையில் சுற்றிப் பார்க்கச் சென்றபோது அது அவர்கள் கண்ணில் பட்டதாகச் சொல்வார்கள். இன்று அதுவே குட்டி ரயில்களுக்குக் காடாகி நிற்கிறது.

‘சிறியது’ என்பதன் பொருள்

அண்டைவீட்டுப் பொறியாளர் தம் முதல் தவறை மறைக்காமல் கூறினார். பாதை அமைத்த புதிதில், ஒரு சாண் உயரமே இருந்த பன்னிரண்டு சைப்ரஸ் கன்றுகளை அவரும் மனைவியும் மலிவாக வாங்கி நட்டனர். ‘எல்வுடி’ என்னும் அவ்வகை குட்டை மரமென்று பரவலாக விற்கப்படுவது. சில ஆண்டுகள் காட்சி அழகாகவே இருந்தது. பின்னர் கிளைகள் பெட்டிகளை உரசின. வேர்கள் ஜல்லிப் படுகையை உயர்த்தின. பழுப்பேறிய முதிர்ந்த கட்டை வரை வெட்டினால் இம்மரங்கள் மீண்டும் துளிர்ப்பதில்லை. பதினைந்தாம் ஆண்டில் பதினொரு மரங்களை வேரோடு அகற்ற நேர்ந்தது.

நிலையத்தின் அருகே நின்ற பன்னிரண்டாவது மரத்தை அவர் தொடவில்லை. மனைவி தம் கையால் நட்ட மரம் அது; அப்போது அவர் உயிருடன் இல்லை. பொறியாளர் நிலையத்தையும் பாதையையும் நான்கடி தள்ளி அமைத்தார். மூன்று மீட்டரைத் தாண்டிய அம்மரம், அக்குட்டி உலகின் கணக்கில் இருநூறு அடிக்கும் மேல் ஓங்கி நிற்கிறது. “கணக்குப்படி அது தவறுதான், ஆனால் அந்த ஒன்று இருக்கட்டும்” என்றார்.

நடுவோர் அறிய வேண்டியவை

அமெரிக்க ஊசியிலை மரச் சங்கம் மரங்களை ஆண்டு வளர்ச்சியைக் கொண்டு வகைப்படுத்துகிறது. ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டருக்குள் வளர்வது ‘மிகச்சிறு’ வகை, 2.5 முதல் 15 வரை வளர்வது ‘குட்டை’ வகை. அதாவது, குட்டை மரமும் வளரும். அட்டையில் குறித்திருக்கும் ‘பத்தாண்டு உயரம்’ முடிவான உயரமன்று. பதினோராம் ஆண்டிலும் மரம் வளரும்.

- தண்ணீர் தேங்காத மண்ணில் நடுக. பாதையிலிருந்து போதிய இடைவெளி விடுக.
- ஆல்பர்ட்டா ஸ்புரூஸில் ஏதேனும் ஒரு கிளை மட்டும் விரைந்து நீண்டால், அது தாய்மரத்தின் இயல்புக்குத் திரும்புகிறது என்று பொருள். உடனே அடியோடு வெட்டிவிடுக.
- ஊசிகள் மங்கிப் பழுப்பேறினால் கிளையின் அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டிப் பார்க்கவும். புள்ளிகள் ஊர்ந்தால் அது சிலந்திப்பேன். தண்ணீரை விசையுடன் பீய்ச்சினால் பெரிதும் குறையும்.
- குளிரை நாடும் இம்மரங்கள் நம் சமவெளிக்கு ஏற்றவையல்ல.

தாயகம் திரும்பி மீண்டும் கிளையில் அமர்ந்தபின், “சிறிய தொகைதானே” என்று சொல்லிக் கடனோ சேமிப்போ தொடங்க வரும் வாடிக்கையாளர்களைக் காணும்போதெல்லாம் அப்பன்னிரண்டு கன்றுகள் நினைவுக்கு வருகின்றன. தொகையைக் கேட்டுக்கொண்டபின், என்ன விகிதம், எத்தனை ஆண்டு என்பதை அவர்களோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்க்கிறோம். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அதை நாம் வீணாகக் கருதுவதில்லை.