உப்பை மட்டும் இழுக்கும் கரி

கம்பளையைத் தொட்டு ஓடும் மகாவலி ஆற்றின் ஒரு பகுதி, 1976 முதல் பொல்கொல்லவில் திரும்பி இலங்கையின் வறண்ட வலயத்துக்குப் போகிறது. ஆனாலும் அங்குள்ள பல கிணறுகளில் கல்சியமும் புளோரைட்டும் அதிகம். அவற்றை நீக்க வந்த 'ஆர்.ஓ.' (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரங்கள் நீரை அழுத்தி மென்சவ்வினூடாகத் தள்ளுகின்றன. கொஞ்ச உப்புக்கு இவ்வளவு பாடா?

மின்தேக்க அயன்நீக்கம் என்ற முறையோ நீரை விட்டு உப்பை இழுக்கிறது. நுண்துளைக் கரியாலான இரு மின்வாய்களுக்கிடையே நீர் ஓடும். சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் கல்சியம் எதிர்வாயிலும் புளோரைட்டு நேர்வாயிலும் ஒட்டும். ஏன் 1.2? அதைத் தாண்டிக் கூட்டினால் நீரே பிரியத் தொடங்கும். கரி நிரம்பியதும் மின்னழுத்தத்தை நீக்கிக் கழுவலாம். சிரட்டைக்கரிக்கு இலங்கையில் பஞ்சமுமில்லை. ஆனால் கடல்நீருக்கு இது கட்டுப்படியாகாது. கழுவிய உவர்நீரை எங்கே விடுவது என்ற தொல்லையும் ஆர்.ஓ.வுக்குப் போலவே உண்டு.