சீட்டு ஒன்று, விதி நான்கு

வகுப்பில் சீட்டாட்டமா?

நீங்கள் தயங்குவது நியாயம்தான். சீட்டு என்றதும் பெற்றோருக்குச் சூதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஆட்டத்தில் காசும் இல்லை, பந்தயமும் இல்லை. ராசா, ராணிப் படங்கள்கூடத் தேவையில்லை. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது யாருடைய யோசனை?

சென்னையைச் சேர்ந்த சிவசைலம் தியாகராஜன் 1980இல் உருவாக்கியது. அப்போது அவர் மேற்கு ஆபிரிக்க நாடான லைபீரியாவில், பார்ங்கா என்ற ஊரில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரே சீட்டாட்டத்தின் விதிகளை ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொண்டு ஆடியதைக் கண்டார். அந்தக் குழப்பத்தையே பாடமாக்கினார். ஊரின் பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது.

என்னென்ன வேண்டும்?

நான்கு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு 28 சீட்டுகள். பிரிஸ்டல் போட்டை வெட்டி நீங்களே செய்யலாம். மீன், முத்து, பனை, வள்ளம் என நான்கு வகை. ஒவ்வொன்றிலும் 1 முதல் 7 வரை எண்கள்.

எப்படி ஆடுவது?

ஆளுக்கு ஏழு சீட்டு. ஒருவர் மீன் இறக்கினால், கையில் மீன் உள்ள எல்லோரும் மீன்தான் இறக்க வேண்டும். இல்லாதவர் எதையும் இறக்கலாம். இறக்கிய வகையில் பெரிய எண்ணைப் போட்டவருக்கே பிடி (அந்தச் சுற்றில் விழுந்த நான்கு சீட்டுகள்). பிடித்தவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஏழு பிடி முடிந்தால் ஓர் ஆட்டம்.

இதில் என்ன புதுமை?

மேசைக்கு மேசை விதித்தாள் வேறு. முதல் மேசையில் 1 மிகச் சிறியது. இரண்டாவதில் 1 தான் எல்லாவற்றிலும் பெரியது. மூன்றாவதில் முத்து துரும்பு (மற்ற வகைகளை வெட்டும் வகை). நான்காவதில் வள்ளம் துரும்பு, 1 பெரியது. மேசைகள் கூடினால் இதே விதிகளைத் திரும்பக் கொடுங்கள். விதிகள் வேறுபடுவது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது.

ஒருமுறை ஆடிப் பழகியதும் தாள்களை வாங்கிவிடுங்கள். அதன்பின் பேச்சும் எழுத்தும் கிடையாது, சைகை மட்டும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அதிகம் பிடித்தவர் அடுத்த மேசைக்கும், குறைவாகப் பிடித்தவர் முந்திய மேசைக்கும் போகட்டும். கடைசி மேசையில் வென்றவரும் முதல் மேசையில் தோற்றவரும் அங்கேயே இருக்கலாம். பிடி சமமானால் அகரவரிசையில் பெயர் முந்தியவர் போகட்டும். மீதிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று, நடப்பதைக் குறிப்பெடுக்கட்டும்.

சண்டை வராதா?

சின்னதாக வரும், அது வரத்தான் வேண்டும். புதிதாக வந்தவன் தன் சீட்டே பெரியது என்று பிடியை இழுப்பான். அந்த மேசைக்காரர் அவன் அளாப்புகிறான் என்று முறைப்பார்கள். சிலர் அடங்கிப் போவார்கள், சிலர் சைகையாலே விளங்கப்படுத்துவார்கள். யாராவது அழும் நிலைக்கு வந்தால் ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள்.

இது பிள்ளைகளை ஏமாற்றுவது ஆகாதா?

உண்மையை அதே பாடவேளையில் சொல்லிவிட்டால் ஆகாது. அதனால் ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்றால், பேச்சுக்கும் அவ்வளவு வையுங்கள். இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாள் நல்லது. தரம் 8க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே இது பொருந்தும்.

என்ன கேட்பது?

"மற்றவர் பிழையாக ஆடுகிறார் என்று எப்போது நினைத்தாய்?" "விதியே வேறு என்று எப்போது சந்தேகம் வந்தது?" "பேச முடிந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பாய்?" பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பாடமே இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஆட்டம் அதற்கான வழி மட்டுமே.

மன்னார் மாவட்டத்து முசலிக்கு இது எதற்கு?

1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசலி முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்தில் நெடுங்காலம் இருந்து, 2009இல் போர் முடிந்தபின் திரும்பின. ஒரு பிள்ளையின் வீட்டில் புத்தளப் பழக்கம் இருக்கும், இன்னொரு பிள்ளையின் வீட்டில் அரிப்புக் கரையின் கத்தோலிக்கப் பழக்கம் இருக்கும். மன்னார் நகரத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளையையும் புதிய வழக்கங்கள் எதிர்கொள்ளும்.

ஆனால் ஒன்று கவனம்: குடும்பத்தின் இடப்பெயர்வுக் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். சாப்பாடு, பெருநாள், விளையாட்டு, வகுப்பு ஒழுங்கு ஆகியவற்றோடு பேச்சை நிறுத்துங்கள்.

பிறகு என்ன செய்வது?

வகுப்பில் யாரும் சொல்லாமலே எல்லோரும் பின்பற்றும் வழக்கங்களைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள்: யார் எந்த வாங்கில் இருப்பது, யார் கரும்பலகை துடைப்பது, ரீச்சரிடம் எப்படிக் கேள்வி கேட்பது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் முதல் நாளே அதைக் காட்டி, "உங்கள் பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.