'சர்வர் ஏன் இவ்ளோ ஸ்லோ?' லினக்ஸில் எந்த புராசஸ் எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது எப்படி?

2024 மார்ச். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் லினக்ஸ் கணினியில் ஒரு வேகச் சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் 'எஸ்எஸ்எச்டி' புராசஸ் வழக்கத்தைவிட அதிகமாக சிபியுவைத் தின்றது. லாகின் ஆகவும் சுமார் அரை விநாடி கூடுதலாகப் பிடித்தது. 'ஏன்?' என்று துருவியவருக்குக் கிடைத்தது, 'எக்ஸ்இசட்' என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ரகசியமாக நுழைக்கப்பட்டிருந்த பின்வாசல். மார்ச் 29-ம் தேதி அதை அவர் அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே ஆபத்து தடுக்கப்பட்டது.

டெல்லியில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கு? விண்டோஸுக்குப் பதிலாக, உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'மாயா'வுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் மாறுவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வெளியானது. நொய்டா, குருகிராம் ஆபீஸ்களில் நீங்கள் கையாளும் சர்வர்களிலும் பெரும்பாலும் லினக்ஸ்தான்.

எங்கே பார்ப்பது?

டெர்மினலில் 'டாப்' என்று அடியுங்கள். அதிகம் சிபியு தின்னும் புராசஸ் மேலே வரும். கேப்பிட்டல் 'எம்' அழுத்தினால் மெமரி வரிசை.

சிபியு 250 சதவீதமா?

பயப்பட வேண்டாம். 100 சதவீதம் என்பது ஒரு கோர் மட்டுமே. 8 கோர் இருந்தால் ஒரே புராசஸ் 800 வரைகூடப் போகலாம்.

லோடு ஆவரேஜ்?

கடைசி 1, 5, 15 நிமிடங்களின் சராசரி நெரிசல். ராஜீவ் சௌக் மெட்ரோவில் செக்யூரிட்டி செக் மாதிரி: 4 வரிசைக்கு 4 பேர் என்றால் சரி, 12 பேர் என்றால் 8 பேர் காத்திருக்கிறார்கள். கோர்தான் வரிசை. ஆனால் டிஸ்க்குக்காகக் காத்திருப்பவையும் இந்தக் கணக்கில் சேரும். லோடு அதிகம், சிபியு சும்மா இருக்கு என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

மெமரி காலியே இல்லையா?

சும்மா கிடக்கும் ராமில் லினக்ஸ் ஃபைல்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால் 'ஃப்ரீ'யைப் பார்க்காதீர்கள், 'அவைலபிள்' எண்ணைப் பாருங்கள்.

'பிஎஸ்' போதாதா?

அது காட்டும் சிபியு சதவீதம், புராசஸ் தொடங்கியதிலிருந்து இதுவரையிலான சராசரி. பத்து நாளாக அமைதியாக ஓடிவிட்டு இப்போது வெறிபிடித்து ஓடும் புராசஸும் அதில் சாதுவாகத் தெரியும். 'டாப்' கடைசி சில விநாடிகளை மட்டும் கணக்கிடும்.

இனி என்ன செய்யலாம்?

ஃப்ராய்ண்டுக்குச் சந்தேகம் வந்ததே, வழக்கமான அளவு எது என்று தெரிந்திருந்ததால்தான். சர்வர் நன்றாக ஓடும் ஒரு நாளில் இந்த எண்களைக் குறித்து வையுங்கள். பிரச்சினை வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.