வயலுக்கு வருவது எந்தக் கொக்கு?

வயலில் வெள்ளையாக நிற்கிற எல்லாவற்றையும் கொக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உற்றுப் பார்த்தால் அதில் பல வகை உண்டு.

பிசானத்துக்குத் தொளி உழும்போது மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே நடந்து வருவது உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. வெட்டுக்கிளியும் புழுபூச்சியும்தான் அதற்கு முக்கிய இரை. வாய்க்காலில் காலால் சேற்றைக் கலக்கி மீன் பிடிப்பது சின்னக் கொக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், விரல் மட்டும் மஞ்சள். வரப்போடு வரப்பாக மண்நிறத்தில் உட்கார்ந்திருந்து, ஆளைக் கண்டு எழும்பும்போது வெள்ளைச் சிறகைக் காட்டுவது மடையான்.

இப்படி இனம் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பல வருஷப் பொழுதுபோக்கு. அது விவசாயத்துக்கும் உதவுகிறது. குளத்தை ஒட்டி நடவு போட்டிருந்த பக்கத்து வயல் தம்பி ஒருநாள் கோபமாக வந்தார்.

"அண்ணாச்சி, கொக்கெல்லாம் நாத்தப் பிடுங்கிப் போடுது. குருணை மருந்து வச்சாத்தான் அடங்கும்."

"கொஞ்சம் பொறு தம்பி. விடியக்காலம் வா, யாரு பிடுங்குதான்னு பாத்துருவோம்" என்றேன்.

மறுநாள் கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தது கொக்கு இல்லை, நீலத் தாழைக்கோழி. நீல உடம்பு, சிவப்பு நெற்றி, நீண்ட சிவப்புக் கால். அதுதான் இளந்தண்டை நறுக்கியது. கோரை ஓரம் பளபளப்பு ரிப்பன் கட்டி, காலையும் சாயந்திரமும் ஆள் நடமாடியதில் தொல்லை குறைந்தது. மருந்து வைத்திருந்தால் பூச்சி தின்னும் உண்ணிக்கொக்கும் சேர்ந்து செத்திருக்கும். பறவைக்கு விஷம் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கரிச்சானைத் தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். பிளந்த வாலுடைய இரட்டைவால் குருவி. வயலில் 'ட' வடிவம் வேண்டாம், 'டி' போலக் குறுக்குக் கம்பு வைத்துப் பறவைத் தாங்கி நட்டுப் பாருங்கள். பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். இரவில் கூகை உட்கார்ந்து எலி பார்க்கும். கதிர் பால் பிடித்ததும் தாங்கியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நெல் கொறிக்கிற சில்லைகளுக்கு அது வசதியாகிவிடும்.

நம் வயலுக்கு வரும் பறவைக்கு வீடு வேறெங்கோ இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில், கோவிலைச் சுற்றியுள்ள பழைய மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் காத்துவந்த அந்த இடம் 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே இந்த வகையில் அதுதான் முதலாவது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை குஞ்சு பொரிக்கும். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகும். 1994-ல் சரணாலயமான அந்தக் குளம் 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மரத்தை ஊர் காத்தால் போதாது. குஞ்சுக்கு இரை தருவது சுற்றியுள்ள குளமும் வயலும்தான். அங்கே தவளையும் மீனும் பூச்சியும் இல்லையென்றால் கூடு இருந்து என்ன பயன்?

ஆரம்பிக்கப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டு போதும். பறவை சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகும் காலும் என்ன நிறம்? வால் எப்படி? என்ன தின்கிறது? இதை எழுதிய பிறகு புத்தகத்தைப் புரட்டுங்கள். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்' அறிமுகக் கையேடு தமிழிலேயே இருக்கிறது. வசதி வந்தால் 8x42 பைனாகுலர் வாங்கலாம்.

மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. ஜனவரியில் தன்னார்வலர்களோடு குளம் குளமாகப் போவார்கள். குளத்தின் மடையும் மறுகாலும் தெரிந்த விவசாயி அதில் கலந்துகொண்டால் கணக்கு இன்னும் உருப்படியாக இருக்கும். அதற்கு முன்னால், நாளைக் காலையில் உங்கள் வரப்பில் நிற்கிற கொக்கின் அலகு என்ன நிறம் என்று பார்த்து எழுதி வையுங்கள்.