ஒரு குருவியை எத்தனை இடத்தில் மாற்றுவது?

2023 ஜூலை 24 அன்று ட்விட்டரின் நீலக் குருவி விடைபெற்றது. 2012-இல் மார்ட்டின் கிராசர் என்ற வடிவமைப்பாளர், ஒன்றின்மேல் ஒன்று படிந்த வட்டங்களின் வளைவுகளை மட்டுமே வைத்து உருவாக்கிய குருவி அது. அலகு, மார்பு, சிறகு எல்லாமே ஏதோ ஒரு வட்டத்தின் விளிம்பு. அந்த இடத்தில் எக்ஸ் என்ற ஓர் எழுத்து வந்து உட்கார்ந்தது. நிறுவனம் பெயர் மாறியதைப் பற்றி உலகமே பேசியது. வெளியே கிளம்பிய வேலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பத்திரிகைகள், கல்லூரிகள், கோயில்கள், ஜவுளிக்கடைகள், அரசுத் துறைகள் என்று எண்ணற்ற இணையதளங்களின் அடிப்பகுதியில், ஃபேஸ்புக் சின்னத்துக்கும் யூடியூப் சின்னத்துக்கும் நடுவே அந்தக் குருவி இருந்தது. அதை ஒருவர் எடுத்துவிட்டு எக்ஸை வைத்தாக வேண்டும்.

சில தளங்களில் அது ஐந்து நிமிட வேலை. ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினால் ஆயிரம் பக்கங்களிலும் குருவி போய்விடும். வேறு சில தளங்களில் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருந்தது. முகப்பில் ஒரு குருவி, செய்திப் பக்கத்தில் வேறு அளவில் இன்னொன்று, ‘தொடர்புக்கு’ பக்கத்தில் பழைய வடிவத்தில் மூன்றாவது. அதே ஜூலையில் த்ரெட்ஸ் என்ற சமூக ஊடகம் பிறந்தது. அதற்கும் ஒரு சின்னம் சேர்க்க வேண்டியிருந்தது. 2024 மே மாதத்தில் ட்விட்டரின் இணைய முகவரியும் எக்ஸ் என்று மாறியதால், திருத்தியவர்கள் மறுபடியும் திருத்த உட்கார்ந்தார்கள். சலித்துப்போய் விட்டவர்களும் உண்டு. 2019 ஏப்ரலில் மூடப்பட்ட கூகுள் பிளஸின் சிவப்புச் சின்னத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் தளங்கள் இருக்கின்றன.

இந்த இரண்டு வகைத் தளங்களுக்கும் உள்ள வேறுபாடு, பணத்திலோ ஆட்களின் திறமையிலோ தொடங்குவதில்லை. பல இடங்களில் வரும் ஒரு பொருளை ஓரிடத்தில் மட்டும் எழுதிவைக்கிறோமா, இல்லை பார்த்த இடத்திலெல்லாம் நகலெடுத்து ஒட்டுகிறோமா என்பதில் தொடங்குகிறது.

இந்தக் கேள்வி இணையத்தைவிட வயதில் மூத்தது. 1968 அக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் கணினி அறிஞர்கள் கூடினார்கள். அங்கே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு கட்டுரை வாசித்தார். வன்பொருள் செய்பவர்களுக்குத் தயாரான உதிரிபாகங்கள் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கின்றன. மென்பொருள் எழுதுபவர் மட்டும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்கிறார் என்பது அவர் குறை. வேகம், துல்லியம் என்று தரம் பிரித்து, தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் மென்பொருள் உறுப்புகள் வேண்டும் என்று அவர் கேட்டார். யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரலின் விடையை இன்னொரு நிரலுக்குக் குழாய் வழியாக அனுப்பும் வசதி அவர் சிந்தனையில் பிறந்ததுதான்.

இணையப் பக்கங்களுக்கு அந்த எண்ணம் தாமதமாகவே வந்தது. பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், ஒரு பக்கத்தின் துண்டை இன்னொரு பக்கத்துக்குள் இழுத்துவந்து வைப்பதற்கு எளிய வழி கிடையாது. ஆகவே சர்வரில் பிஎச்பி போன்ற மொழிகளை வைத்து, தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் தனிக் கோப்பாக்கி ஒட்டினார்கள். 2013-இல் ஃபேஸ்புக் தன் ரியாக்ட் நூலகத்தைப் பொதுவெளிக்குத் தந்தபோது, பக்கத்தின் எந்தச் சிறு துண்டையும் ஒரு காம்பொனன்டாக எழுதி, அதற்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிய இடத்தில் அழைக்கும் பழக்கம் பரவியது. அடுத்த ஆண்டு வியூ வந்தது. பிறகு நூலகம் ஏதுமின்றி உலாவியே இதைச் செய்யும் வசதியும் வந்தது: குரோம், சஃபாரியைத் தொடர்ந்து 2018-இல் ஃபயர்ஃபாக்ஸும் 2020-இல் எட்ஜும் அதை ஏற்றுக்கொண்டன.

சமூக ஊடகச் சின்னங்களுக்கான காம்பொனன்ட் எப்படி இருக்கும்? நல்ல தளத்தில் அது இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கும். ஒன்று, பட்டியல். வரிக்கு ஒரு தளம்: அதன் பெயர், நம் பக்கத்தின் முகவரி, படம். இன்னொன்று, அந்தப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரிக்கும் ஓர் இணைப்பை வரைந்து தரும் நிரல். எந்த அளவு, எவ்வளவு இடைவெளி, விரல் பட்டால் என்ன நிறம் என்பதெல்லாம் இந்த இரண்டாவது பகுதியில் இருக்கும். த்ரெட்ஸ் வந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும். கூகுள் பிளஸ் போனால் ஒரு வரி குறையும். முகப்பிலும் கட்டுரையின் அடியிலும் கைபேசி மெனுவிலும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை.

படத்தின் கதை இதைவிடச் சுவையானது. முதலில் ஜிஃப், பிஎன்ஜி என்ற புள்ளிப் படங்கள் இருந்தன. ஒவ்வொரு சின்னமும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் உலாவி சர்வரிடம் தனியாகப் போய் வர வேண்டும். அந்த நடையைக் குறைக்க, எல்லாச் சின்னங்களையும் ஒரே பெரிய படத்தில் அடுக்கி, தேவையான மூலையை மட்டும் காட்டும் உத்தி 2004-ஐ ஒட்டிப் பரவியது. 2012-இல் ஃபான்ட் ஆசம் வந்தது. சின்னங்களை எழுத்துகளாக்கி ஓர் எழுத்துருவுக்குள் வைத்துவிட்டார்கள். யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காமல், அவரவர் விருப்பத்துக்கு என்று விட்டுவைத்த 6,400 இடங்கள் ஒரே தொகுதியாக இருக்கின்றன. சின்னங்கள் அங்கே குடியேறின. எழுத்து என்பதால் பெரிதாக்கினாலும் பிசிறில்லை, நிறமும் மாற்றலாம். ஆனால் எழுத்துரு வந்து சேராவிட்டால் குருவி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தெரியும். எழுத்துருவைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துப் படிப்பவருக்கும் அதே கட்டம்தான். நிரலாளர்களின் தளமான கிட்ஹப் 2016-இல் எழுத்துருவைக் கைவிட்டு எஸ்விஜிக்கு மாறியது.

எஸ்விஜி புதிதாக வந்த ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 2001 செப்டம்பரிலேயே தரநிலையாக வெளியிட்டுவிட்டது. பத்தாண்டு அது காத்திருந்ததற்கு முக்கியக் காரணம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர். 2011-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்புதான் முதலில் எஸ்விஜியைப் புரிந்துகொண்டது; அந்தப் பதிப்பும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடாது. எக்ஸ்பி கணினிகள் மெல்ல விடைபெற்ற பிறகே வழி திறந்தது.

வார இதழ்களில் கோலத்தை வரைந்து காட்டுவதோடு ‘ஊடுபுள்ளி 15-லிருந்து 8 வரை’ என்று ஒரு குறிப்பும் போடுவார்கள். அந்தக் குறிப்பு இருந்தால் வாசல் எத்தனை அகலமானாலும் அதே கோலம் வரும். எஸ்விஜி அப்படிப்பட்ட குறிப்பு. உள்ளே படம் இல்லை. வரையும் முறை இருக்கிறது. 24-க்கு 24 என்று ஒரு கட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு, ‘எம்’ என்றால் இந்தப் புள்ளிக்குப் போ, ‘எல்’ என்றால் அதுவரை நேர்கோடு இழு, ‘சி’ என்றால் வளைத்துக்கொண்டு போ, ‘இசட்’ என்றால் தொடங்கிய இடத்தில் முடி. யூடியூபின் முக்கோணம், ஃபேஸ்புக்கின் எழுத்து எல்லாம் இப்படிச் சில நூறு எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அந்த ‘சி’ வளைவு கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1959-இல் சித்ரோயன் நிறுவனத்தில் போல் த காஸ்தெல்ஜோவும், பின்னர் ரெனோவில் பியர் பெசியேவும் காரின் உடலை வளைத்து வடிக்கக் கண்ட கணிதம், இன்று நம் கைபேசித் திரையில் இன்ஸ்டாகிராம் சின்னத்தின் மூலையை வளைக்கிறது.

எஸ்விஜிக்குள் ‘சுற்றியுள்ள எழுத்தின் நிறம் எதுவோ அதுவே என் நிறம்’ என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. சின்னத்துக்கு நிறமே எழுதாமல் இதை மட்டும் எழுதினால் போதும். பகலில் வெள்ளைப் பின்னணியில் கருப்பாகவும், இருள் பயன்முறையில் வெள்ளையாகவும் தானே மாறிக்கொள்ளும். ஒரே படம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதற்கு இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. (நிறுவனங்கள் தங்கள் சின்னத்தின் நிறத்துக்கும் சுற்றியுள்ள இடைவெளிக்கும் விதிகள் வைத்திருக்கின்றன, வரைபடம் இலவசமாகக் கிடைத்தாலும் வணிகக்குறி அவர்களுடையது. ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.)

ஐந்து சின்னங்களுக்காக ஆயிரக்கணக்கான சின்னங்கள் கொண்ட நூலகத்தை முழுதாக இழுத்துவந்து கட்டிக்கொள்வதை நான் விரும்புவதில்லை. 2016 மார்ச்சில், எழுத்துவரிசையின் முன்னால் இடைவெளி சேர்க்கும் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நேராகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்த பல மென்பொருள்களின் தயாரிப்பு அன்று நின்றுபோனது. ஐந்து எஸ்விஜி கோப்புகளை நம் தளத்திலேயே வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

இத்தனை நேரமும் கண்ணால் பார்ப்பவரைப் பற்றியே பேசிவிட்டேன். இந்தச் சின்னங்கள் பார்வையற்ற வாசகருக்கு எப்படிக் கேட்கின்றன என்பதில்தான் காம்பொனன்டின் உண்மையான மதிப்பு இருக்கிறது. திரைவாசிப்பான் என்ற மென்பொருள், பக்கத்தில் இருப்பதைக் குரலாக்கும். எழுத்தில்லாமல் படம் மட்டும் உள்ள ஓர் இணைப்பு வந்தால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘இணைப்பு’ என்று சொல்லிவிட்டு நிற்கும். அல்லது முகவரியை எடுத்து, சாய்கோடும் எண்ணும் எழுத்துமாக ஒப்பிக்கும். அப்படி ஐந்து சின்னங்கள் வரிசையாக வந்தால், கேட்பவருக்கு எது வாட்ஸ்அப், எது யூடியூப் என்று தெரிய வழியே இல்லை. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024-இல் அவற்றில் 44.6 சதவீதத்தில் பெயரே இல்லாத இணைப்புகள் இருந்தன. பெயர் வைக்காத சின்னங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன.

தீர்வு சிறியது. படத்தைத் திரைவாசிப்பான் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு குறிப்பு; இணைப்புக்கு ‘எங்கள் யூடியூப் பக்கம்’ என்று ஒரு பெயர். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததாலேயே அவசரத்தில் விட்டுப்போகும். இதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துச் செய்யச் சொல்லி மனிதர்களை நம்புவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆனால் காம்பொனன்டை, பெயர் கொடுக்காவிட்டால் வேலை செய்யாதபடி எழுதிவிட முடியும். டைப்ஸ்கிரிப்ட் போன்ற மொழியில், பெயர் இல்லாத வரியைப் பட்டியலில் சேர்த்தால் தளம் வெளியாவதற்கு முன்பே பிழை என்று நின்றுவிடும். அக்கறையுள்ள ஒருவர் ஒரு நாள் யோசித்தது, பின்னால் வரும் எல்லோர் வேலையிலும் தானாகவே இருக்கும். பெருவிரலுக்கு இடம் விடுவதும் இப்படித்தான். 2023 அக்டோபரில் வந்த அணுகல்தன்மை விதிகளின் 2.2 பதிப்பு, தொடும் இடம் பொதுவாக 24-க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. கைநடுக்கம் உள்ளவருக்கு அதுவும் போதாது. அந்த எண்ணை ஓரிடத்தில் 44 ஆக்கினால் தளம் முழுக்க 44.

இன்னொரு பாதுகாப்பும் இதில் கிடைக்கிறது. சமூக ஊடக நிறுவனங்கள் தாங்களே தரும் பொத்தான்கள் வேறு வகை. 2010 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் லைக் பொத்தானை மற்ற தளங்களுக்கும் கொடுத்தது. அதை ஒட்டிய பக்கத்தைத் திறந்ததுமே, நீங்கள் அழுத்தாவிட்டாலும், ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாவிட்டாலும், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்ற தகவல் அந்த நிறுவனத்துக்குப் போனது. ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மானியத் துணிக்கடைத் தளத்தின் மீது நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தகவலைத் திரட்டி அனுப்புவதில் பொத்தானை ஒட்டிய தளத்துக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு. நம் கோப்பில் இருக்கும் எஸ்விஜியும் ஒரு சாதாரண இணைப்பும் வாசகர் அழுத்தும்வரை யாரிடமும் எதையும் சொல்வதில்லை. தமிழில் வலைப்பதிவு எழுதியவர்களுக்கு, பதிவுகளைத் திரட்டிய தமிழ்மணம் தளத்தின் கருவிப்பட்டையும் இன்ட்லி தளத்தின் வாக்குப்பட்டையும் நினைவிருக்கும். வெளியிலிருந்து வந்த அந்த நிரல்கள் தாமதித்தபோது பதிவும் தடுமாறியது.

பகிர்வுப் பொத்தான் வேண்டுமா என்பதையும் தளத்துக்குத் தளம் யோசிக்க வேண்டும். பிரிட்டன் அரசின் பொதுத்தளம் 2014-இல் தன் பக்கங்களில் அவற்றை வைத்து முதல் பத்து வாரங்களைக் கணக்கெடுத்தபோது, ஆயிரம் பார்வைக்கு ஏறக்குறைய இரண்டு பகிர்வுகளே நடந்திருந்தன. நம் பக்கத்துக்கு வழிகாட்டும் சின்னங்கள் பயனுள்ளவை. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் ஏழு பொத்தான்கள் தேவையா என்பது வேறு கேள்வி.

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் குரல், தமிழையும் வாசிக்கும். ஆயத்தமாகக் கிடைக்கும் ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழில் நிரப்பும்போது, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்ற அறிவிப்பு முதல் வரியிலேயே மாறாமல் கிடக்கிறது. அப்போது தமிழ்ப் பெயரை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று குழப்பக்கூடும். சின்னங்களின் பட்டியலில் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். அன்றே அந்த முதல் வரியையும் திறந்து, மொழி தமிழ் என்று மாற்றிவிடுங்கள்.