6174 என்னும் எண்

எண்கள் யாவும் ஒரே தன்மையனபோலத் தோன்றினும், நெருங்கி ஆராயுமிடத்துச் சிலவற்றின் தனிக்குணம் புலப்படும். அத்தகைய எண்களுள் ஒன்று 6174. அதன் இயல்பைக் கண்டு கூறியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பம்பாய் மாகாணத்துத் தேவ்லாலியிற் கற்பித்துவந்த த. ரா. கப்ரேக்கர் (1905–1986) அதனை 1949ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த கணித மாநாட்டில் வெளியிட்டார்.

நான்கு இலக்கங்களும் ஒன்றாயிராத ஒரு நாலிலக்க எண்ணை எடுத்துக்கொள்க. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்க. வரும் விடையையும் அவ்வாறே செய்க. அவ்வாண்டின் எண்ணாகிய 1949ஐயே கொள்வோம்:

9941 − 1499 = 8442
8442 − 2448 = 5994
9954 − 4599 = 5355
5553 − 3555 = 1998
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இனி, 7641 − 1467 = 6174. எண் தன்னிடமே மீளுகின்றது. எவ்வெண்ணிலிருந்து தொடங்கினும் ஏழு படிகளுக்குள் இவ்விடத்தையே அடைவோம். விடை மூவிலக்கமாயின் முன்னே பூச்சியம் சேர்த்தல் வேண்டும்.

இதற்குக் காரணம் யாது? இறங்குவரிசை இலக்கங்களை அ, ஆ, இ, ஈ என்க. கழித்துவரும் விடை 999(அ − ஈ) + 90(ஆ − இ) ஆகும். முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை அமையும். இரண்டாவது அதனை விஞ்சாது. எனவே 2 + 3 + … + 10, அதாவது 54 விடைகளே உள. நாலிலக்க எண்களுள் விதிக்கு உட்பட்ட 8991உம் முதற் கழித்தலிலேயே இந்த 54இனுள் ஒடுங்கிவிடுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் ஒரு மாலைப்பொழுதின் வேலையே. மூவிலக்கத்தில் 495 இவ்வாறு நிற்கும்; ஈரிலக்கத்திலோ 9, 81, 63, 27, 45 என எண்கள் சுழன்றுகொண்டேயிருக்கும்.

இவ்வெண் வேறு வகுப்புகளிலும் இடம்பெறும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. 6174ஐ அதனால் வகுக்க மீதியின்றி 343 வரும். இத்தகைய எண்களுக்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருள்பட, ஹர்ஷத் எண் என வடமொழிப் பெயரிட்டவரும் கப்ரேக்கரே. மேலும், 6174 = 2 × 3² × 7³; 18 + 18² + 18³ = 6174.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பின்னர்க் கூறிய இரண்டும் எண்ணுக்கே உரிய இயல்புகள். எம்முறையில் எழுதினும் மாறா. முன்னர்க் கூறியவையோ பத்தின் அடியில் எழுதும் வழக்கத்தைச் சார்ந்தவை. இதனாலேயே கணித அறிஞர் பலர் கப்ரேக்கரின் முயற்சிகளை விளையாட்டெனத் தள்ளினர். பட்டமேற்படிப்பு இல்லாத அவருடைய கட்டுரைகள் பெரும்பாலும் சிறு சஞ்சிகைகளிலேயே வெளிவந்தன. 1962இல் அவர் ஓய்வுபெற்றார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது.

அறிஞர் கூறிய குறை மெய்யே. ஆயினும், கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்த சிறுவன் ஒருவன் தானே சோதித்து, ஏன் என்று வினவி, விடையும் காணக்கூடிய உண்மைகள் கணிதத்திற் பல இல்லை. மாணவர்காள், நீங்கள் பிறந்த ஆண்டை எழுதிக் கழித்துப் பாருங்கள்.